இந்தப் பூச்செடிக்கு என்ன பெயர்?

யாரோ கொடுத்த குச்சியை நட்டீர்கள். துளிர்த்து, கொத்துக்கொத்தாக மஞ்சள் பூ விட்டிருக்கிறது. பெயர் தெரியவில்லை. தோட்டம் வைத்திருக்கும் நண்பர்களிடம் கேட்கலாம் என்று நினைக்கிறீர்கள். நல்லது, கேளுங்கள். ஆனால் கேட்கிற விதத்தில் கேட்டால்தான் சரியான பதில் வரும்.

பூவை மட்டும் படம் எடுத்து அனுப்பினால் போதாதா?

போதாது. நம் ஊர்த் தெருக்களில் மஞ்சளாக, புனல் வடிவில் பூக்கும் செடிகள் மூன்று உண்டு: தங்க அரளி, அலமண்டா, டெக்கோமா. படத்தில் பூவை மட்டும் பார்த்தால் பழகியவர்களே தடுமாறுவார்கள்.

அப்படியானால் எதைக் காட்டுவது?

முதலில் இலை. கணுவை (தண்டில் இலை முளைக்கும் இடம்) கிட்டத்தில் படம் எடுங்கள். தங்க அரளிக்கு இலை நீளமாக, விரலை விட ஒல்லியாக, கணுவுக்கு ஒன்றாகச் சுற்றிச் சுற்றி ஏறும். அலமண்டாவில் ஒரே கணுவில் மூன்று நான்கு இலைகள் வட்டமாக நிற்கும். டெக்கோமாவுக்குக் கூட்டிலை (ஒரே காம்பில் பல சிற்றிலைகள்). சிற்றிலையின் ஓரம் ரம்பப் பல் மாதிரி இருக்கும்.

அடுத்தது காய். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. தங்க அரளிக்காய் பச்சையாக, சதைப்பற்றோடு உருண்டு, முற்றினால் கறுக்கும். அலமண்டா காயில் முள் இருக்கும். டெக்கோமாவுக்கு ஒல்லியான நீளக் காய்.

இலையைக் கிள்ளிப் பால் வடிகிறதா என்றும் பாருங்கள். முதல் இரண்டிலும் வடியும், டெக்கோமாவில் வடியாது. அந்தப் பால் கண்ணில் படக்கூடாது. உடனே கை கழுவுங்கள்.

முழுச் செடியின் படம், அதன் உயரம், குச்சி எங்கே கிடைத்தது என்ற விவரம் ஆகியவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

ஆளுக்கொரு பெயர் சொன்னால்?

சொல்வார்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும். ‘மஞ்சள் அரளி’ என்று டெக்கோமாவைச் சொல்பவர்களும் உண்டு. அதனால் அறிவியல் பெயரை (உலகம் முழுக்க ஒரு செடிக்கு வழங்கும் இரட்டைப் பெயர்) கேட்டு வாங்குங்கள். லின்னேயஸ் 1753-ல் வெளியிட்ட நூலிலிருந்து தொடர்ந்து வரும் முறை இது. தங்க அரளி என்றால் காஸ்கபெலா தெவெட்டியா. கூடவே, “எதை வைத்துச் சொல்றீங்க?” என்று கேளுங்கள். இலையையும் காயையும் காட்டிச் சொல்பவர் ஒருவர் போதும். “எங்க வீட்லயும் இதே பூதான்” என்பவர்கள் பத்துப் பேர் இருந்தாலும் அது ஆதாரம் ஆகாது.

அப்படியும் தீராவிட்டால், பூவும் காயும் இருக்கிற கிளையைக் காகிதத்துக்கு நடுவே அழுத்திக் காயவைத்து, அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையில் காட்டுங்கள். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும் இருக்கிறது.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

நிறைய ஆகும். அலமண்டா என்றால் படர்வதற்குப் பந்தலோ கம்பியோ வேண்டும். டெக்கோமா புதுத் துளிரில் பூப்பதால் பூத்து ஓய்ந்ததும் வெட்டிவிடலாம். தங்க அரளி என்றால் விஷயமே வேறு. அதன் எல்லாப் பாகமும் விஷம். விதை இதயத் துடிப்பையே குலைத்து உயிரைப் பறிக்கக்கூடியது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இதைத் தின்று இறந்தவர்கள் பலர். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தச் செடி வேண்டாம் என்பதே என் கருத்து.

பெயர் உறுதியாகும்வரை செடியின் எந்தப் பாகத்தையும் வாயில் வைக்காதீர்கள். குழந்தை கடித்துவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். காயோடு ஒரு கிளையையும் மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள்.