ஏற்றுமதிக்குக் காய் மட்டும் போதாது, பதிவும் வேண்டும்

விளைச்சல் நன்றாக இருந்தும், ஏற்றுமதி வியாபாரி காயை எடுக்காமல் போவது உண்டு. "தோட்டத்தைப் பதிவு செய்திருக்கிறீர்களா? என்ன மருந்து, எந்தத் தேதியில் அடித்தீர்கள்?" என்று அவர் கேட்பதற்கு நம்மிடம் பதில் இல்லாததே பல நேரங்களில் காரணம். வெளிநாட்டு வணிகம் இன்று கணினிப் பதிவுகளை நம்பியே நடக்கிறது.

ஏன் இந்தப் பதிவு?

2014 மே 1 முதல் இந்திய மாம்பழம், கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகியவற்றை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. வந்த சரக்குகளில் பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் இருந்ததே காரணம். பூச்சி இருந்தது சில பெட்டிகளில்; தடை விழுந்ததோ நாடு முழுவதற்கும். சுத்தமாகப் பயிர் செய்தவரும் சந்தையை இழந்தார். மாம்பழத்துக்கான தடை 2015 தொடக்கத்தில்தான் நீங்கியது.

பெட்டி எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று தெரிந்தால், குறையுள்ள சரக்கை மட்டும் தடுத்து நிறுத்தலாம். மற்றவர்களின் சரக்கு தடையின்றிப் போகும். வாங்கும் நாட்டுக்கும் நம் மீது நம்பிக்கை வரும். பல நாடுகள் ஒரே காயை விற்கும் சந்தையில் நம் நாடு நிலைத்து நிற்க இந்த நம்பிக்கைதான் முதலீடு.

எப்படி நடக்கிறது?

மத்திய அரசின் அபெடா நிறுவனம் 2006-ல் திராட்சைக்காக 'கிரேப்நெட்' என்ற இணைய முறையைத் தொடங்கியது. இன்று மா, மாதுளை, காய்கறிகளுக்கும் சேர்த்து 'ஹார்டிநெட்' செயல்படுகிறது. தோட்டத்துக்கு ஒரு பதிவு எண் கிடைக்கும். ஆய்வு, மருந்து எச்சப் பரிசோதனை, சிப்பம் கட்டும் கூடம், பயிர் நலச் சான்று என அடுத்தடுத்த படிகள் எல்லாம் அந்த எண்ணுடன் இணைக்கப்படும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* சிட்டா, அடங்கல் போன்ற நில ஆவணங்களுடன் தோட்டக்கலைத் துறையில் பதிவு செய்யுங்கள். பதிவை உரிய காலத்தில் புதுப்பிக்கவும் மறவாதீர்கள்.
* மருந்தின் பெயர், அளவு, தெளித்த நாள், அறுவடை நாள் ஆகியவற்றை அன்றன்றே நோட்டில் எழுதுங்கள். அனுமதி இல்லாத பல மருந்துகளுக்கு ஐரோப்பாவில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் வரம்பு. மறைத்தாலும் ஆய்வகத்தில் தெரிந்துவிடும்.
* மருந்து தெளித்த பிறகு காத்திருக்க வேண்டிய நாட்கள் முடியும் முன் பறிக்காதீர்கள்.
* பக்கத்துத் தோட்டத்துக் காயை உங்கள் எண்ணில் சேர்த்து அனுப்பாதீர்கள். அதில் எச்சம் இருந்தால் பழி உங்கள் தோட்டத்தின் மீதுதான் விழும்.

ஒன்றை மனதில் வையுங்கள். பதிவு செய்துவிட்டாலே வியாபாரியும் நல்ல விலையும் தேடி வந்துவிடமாட்டார்கள். பதிவு சந்தையின் கதவை மட்டுமே திறக்கும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் தனியாக முயல்வதைவிட உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலம் சேர்ந்து செய்தால் பரிசோதனைச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்; விலையும் பேசலாம். விதைப்புக்கு முன்பே வியாபாரியிடம் எந்த நாட்டுக்கு அனுப்புகிறார், எந்த மருந்துகள் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு குறித்த விவரங்களுக்கு உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுகலாம்.