கப்ஸ் அபிமானியின் ஓராண்டு

அமெரிக்க நாட்டின் பெரிய பேஸ்பால் குழு ஒவ்வொன்றும் ஒரே பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது என்று முதன்முறை கேள்விப்படும் நம்மவர், இரண்டு மாதங்களுக்குள் முடிந்துவிடும் கிரிக்கெட் லீகுகளுக்குப் பழகியவராதலால், எண்ணைத் தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று ஐயுறுவது இயல்பே. மார்ச் மாதக் கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் இறுதிவரையில், வாரத்தில் ஆறு நாட்களேனும், சில வாரங்களில் ஏழு நாட்களும், பாதி சொந்த ஊரிலும் பாதி அயலூர்களிலுமாக ஆட்டம் நடந்துகொண்டேயிருக்கிறது. ஆகையால் ஒரு குழுவின் அபிமானியாக இருப்பது ஆண்டுக்கொரு தேர்த்திருவிழாவுக்குப் போய்வருவதைப் போன்றதன்று. நித்திய பூஜையைப் போன்றது. இந்த உண்மையைப் பிடித்துக்கொள்ளாதவருக்கு, சிகாகோ நகரத்து மக்கள் தங்கள் ‘கப்ஸ்’ குழுவிடம் வைத்திருக்கும் பக்தி புத்தி பேதலித்த காரியமாகவே தோன்றும்.

ஆட்டத்தின் இலக்கணம் கடினமானதன்று. பக்கத்திற்கு ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸ் ஒன்றில் ஒரு பக்கத்தார் மூவர் அவுட்டானால் மறுபக்கத்தாரின் முறை, மட்டையாளர் நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஒரு ரன், சமநிலையில் முடிப்பது வழக்கமில்லையாதலால், வெற்றி தோல்வி தீரும்வரையில் கூடுதல் இன்னிங்ஸ் ஆட வேண்டியதுதான். ஆனால் இவ்விலக்கணத்துக்குள் ஒரு விசித்திரம் ஒளிந்திருக்கிறது. பத்து முறை மட்டையெடுத்து மூன்று முறை வெற்றிகரமாக அடிப்பவன் சிறந்த ஆட்டக்காரன் எனப் பெயர் பெறுகிறான். நூறு ஆட்டங்கள் வென்ற குழு, அறுபது தோற்ற பின்னும், மகா பராக்கிரமசாலி எனப் போற்றப்படுகிறது. 1906-ம் ஆண்டில் இதே கப்ஸ் குழு 116 வென்று 36 மட்டுமே தோற்றது. வெற்றிகளின் எண்ணிக்கையில் இன்றுவரையில் எவரும் அதை மிஞ்சவில்லை, 2001-ல் சியாட்டில் குழு சமன் செய்ததோடு சரி. அத்தகைய குழுவும், பருவத்தின் முடிவில் பட்டத்தைத் தீர்மானிக்கும் ‘உலகத் தொடர்’ என்ற போட்டியில், அவ்வாண்டு அதே ஊரைச் சேர்ந்த ஒயிட் சாக்ஸிடம் தோற்றுப்போயிற்று. 1907-லும் 1908-லும் உலகத் தொடரை வென்று மானத்தை மீட்டுக்கொண்டார்கள். அதற்கப்புறம் 108 ஆண்டுகள் வெல்லவேயில்லை.

அந்த நீண்ட காலத்தின் பெரும்பகுதிக்குச் சாட்சியாக நின்றது, 1914-ல் கட்டப்பட்டு 1916 முதல் கப்ஸின் இல்லமாகிய ரிக்லி மைதானம். செங்கல் மதில்மீது 1937-ல் நட்ட கொடி அடர்ந்து படர்ந்திருக்கிறது. அதற்குள் பந்து சிக்கிக்கொண்டால் அடித்தவனுக்கு இரண்டாம் தளம் என்பது விதி. அவ்வாண்டே எழுப்பிய ஸ்கோர் பலகையில் இன்றும் ஆட்கள் உள்ளே நின்று கையாலேயே எண்களை மாட்டுகிறார்கள். மற்ற மைதானங்களெல்லாம் விளக்கு போட்டு இரவு ஆட்டம் நடத்திக்கொண்டிருக்க, இங்கே 1988 ஆகஸ்ட் வரையில் பகலில்தான் ஆட்டம். விளக்கேற்றிய முதல் நாள் மழை பெய்து ஆட்டம் நின்றுபோனது தனிக் கதை. அருகிலுள்ள மிச்சிகன் ஏரியின் காற்று உள்நோக்கி வீசினால் நன்றாக அடித்த பந்தும் மைதானத்துக்குள்ளேயே விழும். வெளிநோக்கி வீசினாலோ, 1979 மே மாதத்தில் பிலடெல்பியா குழு கப்ஸை 23-க்கு 22 என்ற கணக்கில் வென்றதைப்போல, பந்தெறிபவர்களின் கதி பரிதாபமாகிவிடும். சொந்த ஊர் ஆட்டம் முடிந்ததும் பலகையின் உச்சியில் வென்றால் வெள்ளைக் கொடியும் தோற்றால் நீலக் கொடியும் ஏறும். வேலை முடிந்து மின்ரயிலில் வீடு திரும்புபவர்கள் சன்னல் வழியே அதைக் கண்டு அன்றைய பலாபலனை அறிந்துகொள்வார்கள்.

பிப்ரவரியில் அரிசோனா வெயிலில் பயிற்சி தொடங்கியதிலிருந்தே அபிமானியின் வருஷம் பிறந்துவிடுகிறது. ஏப்ரல் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மடியில் ஸ்கோர் அட்டையும் கையில் பென்சிலுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு மட்டையாளனின் கதியையும் சங்கேதக் குறிகளால் பதிந்துகொள்ளும் முதியவர்களை அங்கே இன்றும் காணலாம். குழு மேற்குக் கடற்கரைக்குச் சென்றிருக்கும் நாட்களில் சிகாகோவில் ஆட்டம் தொடங்கவே இரவு ஒன்பது மணியாகிவிடும். தலையணைக்கருகில் வானொலியை மெல்லிய குரலில் வைத்துக்கொண்டு, ஏழாவது இன்னிங்ஸில் உறங்கிப்போய், காலையில் எழுந்ததும் முதல் வேலையாக முடிவைத் தேடுவது குடும்ப சம்பிரதாயம். என் அபிப்பிராயத்தில் பேஸ்பாலின் உண்மையான ரசம் மைதானத்தைவிட இந்த வானொலியில்தான் இருக்கிறது. பந்துக்குப் பந்து உள்ள இடைவெளியில் பழங்கதை பேச அறிவிப்பாளருக்கு அவகாசம் கிடைப்பதே காரணம்.

செப்டம்பர் வந்ததும் ‘மாய எண்’ என்றொரு கணக்கு ஆரம்பமாகும். 163-லிருந்து முன்னணிக் குழுவின் வெற்றிகளையும் அடுத்த குழுவின் தோல்விகளையும் கழித்தால் வருவது அது. நம் குழு 92 வென்று, போட்டிக் குழு 65 தோற்றிருக்குமானால், மாய எண் 6. நாம் பெறும் வெற்றியும் அவர்கள் அடையும் தோல்வியும் சேர்ந்து ஆறானால் பிரிவின் பட்டம் நமக்கே. அபிமானி, தன் குழு ஆடாத நாளிலும் பிறர் தோற்கவேண்டுமென்று பிரார்த்திக்கும் மாதம் இது.

கப்ஸ் அபிமானிகளுக்கோ இக்கணக்கு போடும் பாக்கியம் அபூர்வமாகவே வாய்த்தது. 1945 உலகத் தொடரின்போது, ஆட்டுடன் வந்த மதுக்கடைக்காரர் ஒருவரை வெளியேற்றியதால் அவர் சாபமிட்டார் என்ற கதை சிகாகோவில் பிரசித்தம். எனக்கு அந்த ஆட்டின்மீது சந்தேகமில்லை. 1947 முதல் 1962 வரையில் ஒரு பருவத்திலாவது வெற்றிகள் தோல்விகளை மிஞ்சாத குழுவுக்குச் சாபமென்ற ஒன்று தனியாகத் தேவையில்லை. 1969-ல் பருவத்தின் பெரும்பகுதி முன்னணியில் இருந்துவிட்டு, கடைசியில் நியூயார்க் மெட்ஸுக்கு எட்டு ஆட்டங்கள் பின்தங்கி முடித்தார்கள். 2003-ல் உலகத் தொடருக்குள் நுழைய ஐந்து அவுட்டுகளே பாக்கியிருந்த நிலையில், ஒரே இன்னிங்ஸில் எதிரிக்கு எட்டு ரன்கள் கொடுத்தார்கள். பந்தைப் பிடிக்கக் கை நீட்டிய ஒரு பார்வையாளர்மீது ஊரே பழி சுமத்தியது, அந்நகரம் வெட்கப்படவேண்டிய விஷயம். இவர்களுக்காகவே 1953 முதல் 1971 வரையில் ஆடி, 512 ஹோம் ரன்கள் அடித்த எர்னி பாங்க்ஸ், பருவத்திற்குப் பிந்திய ஆட்டம் ஒன்றிலேனும் கால் வைக்காமலே ஓய்வு பெற்றார். 2015 ஜனவரியில் காலமானார்.

மறு ஆண்டே அது நிகழ்ந்தது. 103 வெற்றிகளோடு வந்த கப்ஸ், உலகத் தொடரில் கிளீவ்லாந்திடம் ஒன்றுக்கு மூன்று எனப் பின்தங்கி, அடுத்த இரண்டையும் வென்று, நவம்பர் 2-ம் தேதி ஏழாவது ஆட்டத்தில், வழக்கப்படியே முன்னணியை எட்டாவது இன்னிங்ஸில் கோட்டைவிட்டு, ஒன்பது முடிந்து 6-6 என நின்ற தறுவாயில் பெய்த மழையில் பதினேழு நிமிஷம் காத்திருந்து, பத்தாவதில் 8-7 என்று ஜெயித்தது. அவ்விரவில் வட கரோலினாவிலிருந்து இண்டியானா வரையில் காரோட்டிச் சென்று தன் தந்தையின் சமாதியருகே அமர்ந்து வானொலி கேட்டவரும் உண்டு. அடுத்த நாட்களில் ரிக்லியின் வெளி மதில்களை மக்கள் சாக்குக்கட்டியால் எழுதி நிரப்பினார்கள். ஆட்டக்காரரின் பெயர்களோடு, இந்த நாளைக் காணாமலே இறந்துபோன பாட்டன்மார், தாய் தந்தையர் பெயர்களும் அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தன.

நம் வாசகர்களில் எவருக்கேனும் இந்த ஆட்டத்தில் ஈடுபட ஆசையிருந்தால், ஆரவாரம் மிகுந்த அக்டோபரில் தொடங்க வேண்டாம். ஏப்ரலில் ஒரு குழுவைத் தேர்ந்துகொண்டு, தோற்ற நாளுக்கு மறுநாளும் விடாமல் தொடர்ந்து பாருங்கள். நேரமும் நமக்கு அத்தனை பிரதிகூலமன்று: சிகாகோவில் பகல் 1.20-க்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே இரவு 11.50-க்கு, இரவு ஏழு மணி ஆட்டமோ விடியற்காலை ஐந்தரை மணிக்கு.