வேதம் ஒன்று, தொகுதிகள் இரண்டு

கலப்பு மணத்தால் இணைந்த கிறிஸ்தவ இல்லங்கள் சிலவற்றில் இரு வேதாகமங்கள் அருகருகே இருக்கக் காண்கிறோம். கத்தோலிக்கரின் தொகுதியில் 73 நூல்கள். புரட்டஸ்தாந்தரின் தொகுதியில் 66. இது வெறும் எண்ணிக்கை வேற்றுமையன்று. வீட்டில் ஒருவர் காலஞ்சென்றால் அவர் ஆன்மாவுக்காகச் செபிக்கலாமா என்னும் வினாவையும் அது தொடுகின்றது.

1519ஆம் ஆண்டு ஜேர்மனியின் லைப்சிக் நகரில் கத்தோலிக்க அறிஞர் யோவான் எக்கும் மார்ட்டின் லூதரும் வாதிட்டனர். உத்தரிக்கிற ஸ்தலம் உண்டென்பதற்கு மக்கபேயர் இரண்டாம் நூலை எக் சான்று காட்டினார். போரில் மாண்டவருக்காக யூதா மக்கபே பலி செலுத்த ஏற்பாடு செய்தமை அந்நூலின் 12ஆம் அதிகாரத்தில் உள்ளது. எபிரேய வேதத் தொகுதியில் இல்லாத அந்நூல் கோட்பாட்டை நிலைநாட்டப் போதாது என்றார் லூதர். திருச்சபை ஏற்ற நூலன்றோ என்றார் எக். எது வேதமென வரையறுப்பவர் யார்? பிணக்கின் வேர் இதுவே.

1546இல் திரெந்துப் பொதுச்சங்கம் அந்நூல்களை வேதமென உறுதிசெய்தது. அப்போஸ்தலர் வழிவந்த பாரம்பரியத்தையும் வேதத்துக்கு நிகரான பக்தியுடன் ஏற்றது. புதிய ஏற்பாடு எழுதப்படுமுன்னரே திருச்சபை போதித்து வந்ததென்பது கத்தோலிக்கரின் நியாயம். மனிதர் வழக்கத்தில் பிழை புகலாம். சுவரின் கோணலைத் தூக்குநூல் காட்டுவதுபோல் வேதமே அதனைக் காட்டவேண்டும் என்பது புரட்டஸ்தாந்தரின் நியாயம்.

ஆயினும், ஒரு சாரார் வேதத்தையும் மறுசாரார் பாரம்பரியத்தையும் கைவிட்டனர் என்று எண்ணுதல் தவறு. லூதர் தமது 1534ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் அந்நூல்களை நீக்கிவிடவில்லை. வாசித்தற்கு நல்லவையெனத் தனியே வைத்தார். 1963இல் மொன்றியலிற் கூடிய திருச்சபைகளின் மாநாடு, வேதமும் நற்செய்திப் பாரம்பரியத்தினுள்ளேயே நமக்கு வந்ததென்பதை எடுத்துரைத்தது. திருச்சபையின் போதக அதிகாரம் இறைவார்த்தைக்கு மேற்பட்டதன்று, அதற்கு ஊழியம் செய்வதே என 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மொழிந்தது. 1995இல் வெளிவந்த தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பு, இரு சபையாரின் கூட்டுழைப்பின் பயனாகும்.

வேற்றுமை முற்றும் நீங்கிவிடவில்லை. மரண வீட்டில் ஒருவர் இறந்தவருக்காகச் செபிப்பார். மற்றவர் அவரை இறைவனின் இரக்கத்தில் ஒப்புவித்து நன்றி செலுத்துவார். மற்றவர் எந்நியாயத்தால் அவ்வாறு செய்கிறார் என்பதை இருவரும் அறிந்திருப்பாராயின், துயர்மிக்க அவ்வேளையில் அவ்வீட்டிற் பூசல் எழாதென நம்புகிறோம்.