துப்பாக்கிக் குழலும் ஈயப்பற்றும்

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம் வேட்டைத் துப்பாக்கிகளுக்குப் பேர்போனது. அங்கே செய்யப்பட்ட இரட்டைக் குழல் துப்பாக்கியைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். இரு எஃகுக் குழல்களுக்கு இடையே, மேலும் கீழும், ஒல்லியான பட்டை நெடுக ஓடும். 'ரிப்' எனப்படும் இப்பட்டையைக் குழல்களோடு பிணைப்பது ஆணியன்று, திருகன்று, வெறும் ஈயப்பற்றுதான். ரேடியோ பழுதுபார்ப்பவர் கையாளும் அதே பொருள்!

உறுதியான பித்தளைப் பற்று வைத்தால் என்ன? அதற்கு ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். வெள்ளிப் பற்றுக்கும் 600 டிகிரிக்கு மேல் தேவை. இக்காலக் குழல்கள் பலவற்றின் எஃகோ 500, 600 டிகிரி அளவில் பதமாக்கப்பட்டது. அதைத் தாண்டினால் உறுதி குறையும். குழலின் சுவர் சில இடங்களில் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இராது. அங்கே வெடித்தால், குழலைத் தாங்கும் இடக்கைக்குத்தான் ஆபத்து. சுவர் தடித்த அடிப்பகுதியில் மட்டும் பித்தளைப் பற்று வைப்பதுண்டு.

வெடிவாயுவின் அழுத்தத்தைத் தாங்குவது குழலே, பட்டையன்று. எனவே பட்டைக்கு ஈயப்பற்றே போதும். வெள்ளீயம் 232 டிகிரியிலும் காரீயம் 327 டிகிரியிலும் உருகும். முன்னது 63 பங்கும் பின்னது 37 பங்கும் கலந்தால், கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது! எஃகுக்கு இந்தச் சூடு ஒரு பொருட்டல்ல.

ஆனால் சூடு சீராகவும் பரவ வேண்டும். 70 செ.மீ. நீளமுள்ள இரு குழல்களில் ஒன்று 50 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், அது மற்றதைவிட 0.4 மி.மீ. நீளும். அந்நிலையில் பற்று உறைந்துவிட்டால், ஆறியபின் குழல்கள் வில்லாக வளையும், குறி தவறும். ஊதுவிளக்கை ஓரிடத்தில் காட்டுபவருக்கு நேரும் கதி இதுவே. பழைய கைவினைஞர்கள் பட்டையிலும் குழலிலும் முதலில் ஈயம் பூசி, பிசின் தடவி, கம்பியால் இறுகக் கட்டுவார்கள். பிறகு பழுக்கக் காய்ச்சிய உலோகத் தண்டைக் குழலுக்குள் செலுத்துவார்கள். சூடு உள்ளிருந்து எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும். அமிலம் கலந்த பூச்சுகளை அவர்கள் தொடுவதில்லை. பட்டைக்கு அடியில் எஞ்சும் அமிலம் எஃகைத் துருவாக்கிவிடும்.

இன்னொரு செய்தி. குழலுக்குக் கருநீல நிறமேற்ற, எரிசோடா கலந்த கொதிகரைசலில் அமிழ்த்தும் முறை ஒன்றுண்டு. அதன் வெப்பநிலை 140 டிகிரி அளவே, பற்று உருகாது. ஆயினும் சூடான காரம் ஈயப்பற்றை அரித்துவிடும்! பட்டை கழன்று வரும். ஆகவே இரட்டைக் குழல்களை மெல்லத் துருப்பிடிக்கச் செய்து, வெந்நீரில் கொதிக்கவைத்தே கறுப்பாக்குகிறார்கள்.