பொம்மை வாகனுக்குத் துரு ஏற்றுவது எப்படி?

புனேயில் கோத்ரூட் பக்கம் போனவர்கள் ஜோஷி சிறு ரயில் காட்சியகத்தைப் பார்த்திருப்பீர்கள். பாவுசாகேப் ஜோஷி என்பவரின் வாழ்நாள் ஆர்வத்தின் பயனாக 1998-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது அது. ஒரு நகரமே மேசைமேல் விரிந்திருக்க, அதனூடே குட்டி ரயில்கள் ஓடும் காட்சி எவரையும் சிறுவராக்கிவிடும். என்னையும் ஆக்கிவிட்டது. நானும் ஒரு வாகன் செய்து பார்ப்பதென்று துணிந்தேன்.

அதற்கு வேறொரு காரணமும் உண்டு. என் தந்தையார் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வாகன்களுக்கு வண்ணம் பூசி எழுத்து எழுதி ஓய்வு பெற்றவர். அவருக்குக் கொடுப்பதற்காக, நிலக்கரி ஏற்றும் 'பாக்ஸ்-என்' வாகன் ஒன்றை 87-இல் ஒரு பங்கு அளவில் செய்தேன். உண்மை வாகன் ஏறத்தாழ 10.7 மீட்டர் நீளம். என்னுடையது 12 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். தீபாவளி விடுமுறையில் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா எழுத்து மேல மிதக்குது; துருவும் இடம் மாறிக் கிடக்கு. இந்த வண்டி எங்கேயும் போய்ட்டு வந்த மாதிரித் தெரியலையே" என்றார்.

புனே திரும்பியதும் அவ்விரு குறைகளையும் ஆராய்ந்தேன். கண்டதைக் கூறுகிறேன்.

முதலில் எழுத்து. சிறு வாகனில் தூரிகையால் எழுத இயலாது. டெக்கால் ஒட்ட வேண்டும். டெக்கால் என்பது மாப்பசை தடவிய தாளின்மேல் படிந்த மெல்லிய படலமே. வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் நனைத்தால் பசை இளகி, படலம் நழுவி வரும். அதை நகர்த்தி உரிய இடத்தில் அமர்த்துகிறோம். நம் ரயில்வே எழுத்துகளை நாமே அச்சிட வேண்டியிருக்கும். சாதாரண அச்சுப்பொறியில் வெள்ளை மை கிடையாது. ஆகவே வெள்ளை டெக்கால் தாளில் வாகனின் நிறத்தையே பின்புலமாக அச்சிட்டு, எழுத்தை மட்டும் வெறுமையாக விட வேண்டும். இங்க்ஜெட் மை நீரில் கரையும். எனவே நனைக்குமுன் தாளின்மேல் வார்னிஷ் பூசுவது அவசியம்.

எழுத்து மிதப்பதேன்? மங்கல் பூச்சு என்பது நுண்ணிய மேடுபள்ளம் நிறைந்தது. மங்கலாகத் தெரிவதற்கும் அதுவே காரணம். அப்பள்ளங்களில் காற்று அகப்பட்டுக்கொள்கிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1; படலத்தினுடையது ஏறத்தாழ 1.5. இரண்டும் சந்திக்கும் பரப்பில் ஒளி எதிரொளித்து, வெள்ளிபோல் மினுக்குகிறது. பௌதிக வகுப்பில் படித்த பாடம்தான். என் மேசைமேல் நடந்தபோது எனக்குத் தோன்றவில்லை! பரிகாரம் எளிது. முதலில் பளபளப்பு வார்னிஷ் பூசி ஒரு நாள் உலரவிட வேண்டும். ஒட்டுமிடத்தில் நீர் கலந்த வினிகர் ஒரு துளி விட்டால், பரப்பு இழுவிசை குறைந்து படலம் நன்கு படியும். நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பஞ்சால் ஒற்றி, உலர்ந்தபின் மீண்டும் வார்னிஷ் பூச வேண்டும்.

இனித் துரு. என் தூரிகை நுனி வைத்த புள்ளி 1 மில்லிமீட்டர். அதை 87-ஆல் பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் அகலப் புண்! ஆகவே தூரிகையை விடுத்து, கிழித்த ஸ்பாஞ்சுத் துணுக்கில் வண்ணம் தொட்டு, அதைத் தாளில் ஒற்றிக் குறைத்துப் பிறகு பயன்படுத்த வேண்டும். இடமும் முக்கியம். நிலக்கரி உரசும் உட்புறம், இடிபடும் விளிம்பு, கதவுக் கீல் ஆகிய வண்ணம் உடையும் இடங்களில்தான் துரு பிறக்கும். மழைநீர் அதைக் கீழ்நோக்கி இழுத்துச் செல்லும். எனவே கோடுகள் மேலிருந்து கீழாகவே வர வேண்டும்.

தைல வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து மூட்டுகளில் தொட்டால், நுண்புழைக் கவர்ச்சியால் தானே ஓடி இடுக்குகளை நிரப்பும். சக்கரமும் தண்டவாளமும் தேய்ந்தெழும் இரும்புத் தூள் துருவேறிப் படிவதால், அடிப்பாகம் முழுவதும் பழுப்பாக இருக்கும். கடைசியில் மங்கல் வார்னிஷ் பூசி, சாக்குக்கட்டிப் பொடியைப் புழுதியாகத் தூவலாம். என் வாகனில் தக்காணத்துக் கரிசல் புழுதியும் நம்மூர்ச் செம்மண்ணும் கலந்து கிடக்கின்றன. இரண்டு இடங்களுக்கும் போய்வந்த வண்டியல்லவா அது!

இவற்றையெல்லாம் தொலைபேசியில் தந்தையாரிடம் விவரித்தேன். கேட்டுவிட்டு அவர் ஒன்று சொன்னார்: டிப்போவில் இடைக்காலப் பராமரிப்பு முடிந்ததும், அழுக்கேறிய வாகனின்மேல் தேதியை மட்டும் புதிதாக எழுதுவார்களாம். மற்ற எழுத்துகள் அழுக்குக்கு அடியில் இருக்க, அந்தத் தேதி மட்டும் அழுக்குக்கு மேலே பளிச்சென்று இருக்குமாம். எந்தப் புத்தகமும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

வாகன் இப்போது என் விடுதி அறையில் முடிந்து நிற்கிறது. காண விரும்பும் நண்பர்கள் வரலாம். தேதி டெக்காலை மட்டும் ஒட்டாமல் வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அதை அவரே ஒட்டட்டும்.