துள்ளும் எண்

பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறை. துணியைச் சூட்டுக் காற்றில் விரித்து ஓட்டும் ஸ்டென்டர் மெஷினின் மூன்றாவது அறை 180 டிகிரியில் நிற்க வேண்டும். கன்ட்ரோலரோ 176, 191, 183 என்று நொடிக்கொன்று காட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு தெர்மோகப்பிள் மாத்தியாச்சுங் சார். அப்பவும் இதே ஆட்டந்தானுங்" என்றார் எலக்ட்ரீஷியன் தம்பி.

இரும்பும் சூட்டுக் காற்றுமாக இருக்கிற அறை ஒரு நொடியில் 15 டிகிரி ஏறி இறங்குமா? இறங்காது. துள்ளுவது வெப்பம் இல்லை, கம்பியில் வரும் வோல்ட்டேஜ். சூட்டை வோல்ட்டேஜாக்கும் உணரிதான் தெர்மோகப்பிள்; கே வகை ஒரு டிகிரிக்குத் தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட். 15 டிகிரிக்கு 0.6 மில்லிவோல்ட். சுவர்க் கடிகாரத்து பேட்டரியின் 1.5 வோல்ட்டில் இது 2,500-ல் ஒரு பங்கு. அவ்வளவு சன்னமான சமாச்சாரத்தைச் சுமந்துபோகும் கேபிள், 415 வோல்ட் ப்ளோயர் மோட்டாரின் கேபிளோடு ஒரே ட்ரேயில் ஒட்டிப் படுத்திருந்தது. அந்த மோட்டாரை ஓட்டும் டிரைவ், மின்சாரத்தை நொடிக்குச் சில ஆயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புவது.

துணி ஓடாத நேரம் பார்த்து டிரைவை நிறுத்தச் சொன்னேன். துள்ளல் நின்றது, எண் மெல்ல நகர ஆரம்பித்தது. வெப்பத்தின் நடை அதுதான்.

மறுபடி ஓடவிட்டு, கன்ட்ரோலர் முனையில் கேபிளைக் கழற்றி, அந்த இரண்டு டெர்மினலையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தோம். பேனலுக்குள் இருக்கும் சூட்டை அசையாமல் காட்டியது. கன்ட்ரோலர் மேல் பழி இல்லை. கேபிளை மறுபடி மாட்டி, மறுகோடியில் தெர்மோகப்பிளைக் கழற்றி, கேபிளின் இரண்டு கம்பியையும் முறுக்கிவிட்டோம். அந்த இடத்துச் சூட்டைக் காட்ட வேண்டியது, பழையபடி குதித்தது. தெர்மோகப்பிளே இல்லாமல் குதிக்கிறது என்றால் திருடன் வழியில்தான் இருக்கிறான்.

அந்தக் கேபிளைச் சுற்றியிருக்கும் உலோக உறையான ஷீல்டைப் பார்த்தேன். மெஷின் பாடியிலும் எர்த், பேனலிலும் எர்த். இரண்டு இடத்து எர்த்தும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. அந்த வித்தியாசம் ஷீல்டு வழியாகவே ஓடும். "மோட்டார் கேபிளுக்கு ரெண்டு பக்கமும் எர்த் பண்ணச் சொன்னாங்களேங் சார்" என்றார் தம்பி. அவர் சொன்னது சரி. டிரைவ் கேபிளுக்கு இரு பக்கமும், தெர்மோகப்பிள் கேபிளுக்கு ஒரு பக்கம் மட்டும். இந்த இரண்டு விதியையும் குழப்பிக்கொள்ளாத ஆளை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

மெஷின் பக்கத்து ஷீல்டை வெட்டி டேப் சுற்றினோம். ஆட்டம் பாதியானது. கேபிளை ட்ரேயிலிருந்து எடுத்து ஒரு அடி தள்ளித் தனிக் குழாயில் கொண்டுபோனோம்; மோட்டார் கேபிளைக் கடக்கும் இடத்தில் குறுக்காக. 180 நின்றது.

கிளம்பும்போதுதான் உறைத்தது: அதே ட்ரேயில் கேபிள் வரும் மற்ற அறைகள் மட்டும் எப்படி ஒழுங்காகக் காட்டுகின்றன? மெனுவைத் திறந்தால், அவற்றில் யாரோ ஃபில்டரை 20 நொடிக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள். எண் அசையாது, நிஜமாகவே சூடு ஏறினாலும் கன்ட்ரோலருக்குத் தாமதமாகத்தான் தெரியும். சுரத்துக்கு மருந்து கொடுக்காமல் தெர்மாமீட்டரை ஒளித்துவைக்கிற வைத்தியம் அது.

அந்த ஸ்டென்டரில் மொத்தம் எட்டு அறை. கழற்றிப் போட்ட இரண்டு தெர்மோகப்பிளும் நல்லவைதான். மீதி ஏழு கேபிளும் இன்னும் அதே ட்ரேயில் கிடக்கின்றன.