வாட்டைக் கேட்காதீர்கள், வசனத்தைக் கேளுங்கள்

"எத்தனை வாட் வாங்கலாம் அண்ணே?" வீட்டிலேயே திரையரங்க ஒலி வேண்டும் என்று ஆசைப்படும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ரிசீவர் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது அந்த எண்தான். அது எப்படி அளக்கப்பட்டது என்பதைப் பொடி எழுத்தில்தான் போட்டிருப்பார்கள்.

ஒரே ஒரு சேனலை மட்டும் இயக்கி, 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒற்றை ஒலியில், 10 விழுக்காடு சிதைவையும் பொறுத்துக்கொண்டு அளந்தால் 150 வாட் என்று போட்டுக்கொள்ளலாம். அதே கருவியில் இரண்டு சேனல்களை இயக்கி, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, மிகக் குறைந்த சிதைவோடு அளந்தால் அது 80 வாட்டாகச் சுருங்கிவிடலாம். இரண்டு ரிசீவர்களை ஒப்பிடும்போது இந்த இரண்டாம் வகை எண்ணை மட்டும் பாருங்கள்.

அதற்கும் அதிக மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை. சக்தியை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற, ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி தேவை. 80 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு 1 டெசிபெல் மட்டுமே. பலருக்கு அது தெரியவே தெரியாது. சாதாரண ஒலிபெருக்கி ஒன்று 1 வாட் சக்தியில், ஒரு மீட்டர் தொலைவில், 85 முதல் 90 டெசிபெல் வரை கொடுக்கும். நாம் பேசிக்கொள்ளும் குரல் 60 டெசிபெல் அளவுதான். அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் படம் பார்க்கையில் பெரும்பாலான நேரம் ஓரிரு வாட்தான் செலவாகிறது.

இதை நான் எழுதக் காரணம் பாயா தெருபோங்கில் வசிக்கும் ஒரு தம்பி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். கையில் 3,000 வெள்ளி சேமிப்பு இருந்தது. ஒரு கடையில் ஏழு சேனல் ரிசீவர், ஏழு ஒலிபெருக்கிகள், இரண்டு சப்வூஃபர் என்று 5,200 வெள்ளிக்குப் பட்டியல் போட்டு, 24 மாதத் தவணை என்று சொல்லியிருந்தார்கள். தங்கை அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறாள். கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டார்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். எழுநூறு சதுர அடி வீடு. சோஃபா பின்சுவரோடு ஒட்டியிருக்கிறது. அதன் வலப்புறம் சமையலறைக்குப் போகும் வழி. பின்பக்க ஒலிபெருக்கிகளை வைக்க இடமே கிடையாது. எதற்காக வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். பதில் அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது: "எல்லாம் சத்தமா இருக்கு தம்பி, பேசுறது மட்டும் வெளங்க மாட்டேங்குது."

அந்த வீட்டின் தேவை அதுதான். இன்றைய தொலைக்காட்சிகள் மெல்லியவை. அவற்றின் ஒலிபெருக்கிகள் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ ஒலிக்கின்றன. நம் படங்களில் பின்னணி இசையும் கொஞ்சம் தாராளம். திரையரங்கில் வசனம் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. 5.1 என்பதில் இடம், வலம், நடு, பின்பக்கம் இரண்டு ஆகியவை சேர்ந்து ஐந்து. அந்தப் ‘புள்ளி ஒன்று’ சப்வூஃபருக்கானது. நடு ஒலிபெருக்கியைத் தனியாகக் கூட்டிக் குறைக்க முடிவதுதான், என் கணக்கில், ரிசீவர் வாங்குவதற்கு இருக்கும் மிகப் பெரிய காரணம். தலைக்கு மேல் ஹெலிகாப்டர் பறப்பது அப்புறம். அந்த டால்பி அட்மாஸ் திரையரங்குகளுக்கு 2012இல் வந்தது, வீட்டு ரிசீவர்களுக்கு 2014இல். காங்கிரீட் கூரையில் துளை போட உங்களுக்கு அனுமதி இருந்தால் யோசிக்கலாம்.

ஆகவே 3.1 என்று முடிவு செய்தோம். ஐந்து சேனல் ரிசீவர்தான், ஆனால் இப்போதைக்கு முன்னால் மூன்று ஒலிபெருக்கி, ஒரு சப்வூஃபர். பெரிய வீட்டுக்குப் போனால் மற்ற இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். காட்சிக்கு வைத்திருந்த முந்தைய ஆண்டு மாடல் ரிசீவர் 1,300 வெள்ளி, மூன்று ஒலிபெருக்கிகள் 900, சப்வூஃபர் 500, ஒயர் 60. ரிசீவரில் மிச்சம் பிடித்து ஒலிபெருக்கியில் செலவிடுங்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்வேன். எச்.டி.எம்.ஐ. தரம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும், ரிசீவர் பழசாகிவிடும். நல்ல ஒலிபெருக்கி இருபது ஆண்டு உழைக்கும். இவ்வளவு கூட முடியாதவர்கள், நடு ஒலிபெருக்கி உள்ள சவுண்ட்பார் ஒன்றை வாங்கிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பழைய பொருள் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. லோரோங் கூலிட் காலைச் சந்தைக்குப் போனால் ஜப்பானிலிருந்து வந்த கனமான பழைய ரிசீவர்கள் சில சமயம் கண்ணில் படும். பார்க்க அழகு, விலையும் மலிவு. பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். 100 வோல்ட் என்று இருந்தால் அது ஜப்பான் வீட்டுக்கானது. நம் சுவரில் வருவது 230 வோல்ட்டுக்கு மேல். முனையை மாற்றும் அடாப்டர் மின்னழுத்தத்தை மாற்றாது. செருகினால் ஃபியூஸ் போகும், அல்லது உள்ளே மின்மாற்றியே கருகும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி தனியாக வாங்கினால் ‘மலிவு’ பாதி போய்விடும். புதிதாக வாங்கினாலும் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

இணைப்பு விஷயம் சுருக்கமானது. தொலைக்காட்சியின் பின்னால் ஏ.ஆர்.சி. அல்லது இ-ஏ.ஆர்.சி. என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளையிலிருந்து ரிசீவரில் அதே பெயருள்ள துளைக்கு ஒரே கேபிள். வேறு துளையில் செருகினால் படம் வரும், தொலைக்காட்சியின் ஒலி ரிசீவருக்குத் திரும்பி வராது. ஒலிபெருக்கி ஒயரில் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒன்று மட்டும் மாறிப்போனால் இடமும் வலமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, தாழ்ந்த ஒலி மெலிந்துவிடும்.

இனி அறை. நான்காம் படிவ இயற்பியலில் அலைகள் பாடம் படிக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்கலாம். நம் வெப்பநிலையில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 347 மீட்டர். அந்த வரவேற்பறையின் நீளம் 3.5 மீட்டர். அரை அலைநீளம் அறையின் நீளத்துக்குச் சமமாகும்போது நிலையலை உண்டாகும்: 347ஐ 7ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 50 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் சுவரோரம் உட்கார்ந்தவருக்கு ‘டம் டம்’ என்று வீங்கிக் கேட்கும். நடுவில் உட்கார்ந்தவருக்குக் காணாமல் போகும். ஒரே அறை, ஒரே பாட்டு. சோஃபாவைச் சுவரிலிருந்து ஓர் அடி முன்னே இழுத்ததிலேயே அந்த வீக்கம் ஓரளவு தணிந்தது. செலவு பூஜ்யம்.

சப்வூஃபருக்கு இடம் தேட ஒரு பழைய வித்தை இருக்கிறது. அதைத் தூக்கி சோஃபாவில் வைத்து, தாழ்ந்த ஒலி நிறைந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டு, நீங்கள் சுவரோரமாகத் தவழ்ந்து போக வேண்டும். ஒலி எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வைத்துவிடலாம். அம்மா சிரித்தார், பரவாயில்லை. தொலைக்காட்சிப் பலகைக்கும் சன்னலுக்கும் இடையில் இடம் அமைந்தது. தரை முழுக்க டைல்ஸ் என்பதால் கைதட்டினால் எதிரொலி வந்தது. ஒரு கம்பளமும் தடித்த திரைச்சீலையும் போட்ட பிறகு குரல்கள் துலங்கின.

ரிசீவரோடு ஒரு சின்ன ஒலிவாங்கி வரும். டெனான், மராண்ட்ஸ் கருவிகளில் பெரும்பாலும் ஆடிசி, யமஹாவில் ஒய்.பி.ஏ.ஓ. என்று பெயர் வேறு, வேலை ஒன்றுதான். ஒவ்வோர் ஒலிபெருக்கியின் தொலைவையும் அளவையும் அளந்து சரிசெய்யும். ஒரு மீட்டர் வேறுபாடு என்பது ஏறத்தாழ 3 மில்லிவிநாடி தாமதம். அதை ஈடுசெய்வதும் இதன் வேலை. ஒலிவாங்கியைக் கையில் பிடிக்காமல், உட்காரும்போது காது இருக்கும் உயரத்தில் ஒரு தாங்கியில் வையுங்கள். மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் அணைத்துவிடுங்கள். பத்து நிமிடம் வியர்க்கத்தான் செய்யும்.

அளந்து முடித்த பின் பட்டியலை ஒருமுறை பாருங்கள். சிறிய ஒலிபெருக்கிகளை ‘பெரியது’ என்று அது முடிவு செய்திருந்தால் ‘சிறியது’ என்று மாற்றி, பிரிக்கும் எல்லையை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும். நடு ஒலிபெருக்கியை 3 டெசிபெல் கூட்டினோம். இரண்டு சேனல் ஒலியில் மட்டும் வரும் பழைய படங்களுக்கு ‘டால்பி சரவுண்ட்’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், வசனத்தைப் பிரித்து நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். அம்மா ஒரு படத்தை அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "இப்ப வெளங்குது" என்றார்.

ரிசீவரைக் கண்ணாடிக் கதவுள்ள அலமாரிக்குள் அடைக்காதீர்கள்; நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்கு மேலே ஒரு சாண் காற்றோட்டம் வேண்டும். மதியத்தில் இடி இடித்தால் பிளக்கோடு அஸ்ட்ரோ தட்டிலிருந்து வரும் கேபிளையும் கழற்றுங்கள்.

கடைசி வேலை வீட்டுக்கு வெளியே. தாழ்ந்த ஒலிக்குச் சுவர் ஒரு தடையே இல்லை. சப்வூஃபரின் கீழ் தடித்த ரப்பர் விரிப்பு போட்டோம். பிறகு தம்பி மேலே சண்டைக் காட்சியை ஓடவிட, நான் கீழ்வீட்டுப் பெரியவரோடு அவர் வரவேற்பறையில் உட்கார்ந்து கேட்டேன். கைத்தொலைபேசியில் "குறை, இன்னும் கொஞ்சம் குறை" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பெரியவர் போதும் என்று தலையசைத்த இடத்தை, ரிசீவரில் ‘அதிகபட்ச ஒலி’ என்ற அமைப்பில் பதித்துவிட்டோம். இரவு பத்து மணிக்கு மேல் சப்வூஃபர் ஓடாது என்பது அம்மா போட்ட சட்டம்.